ஆணியும் அணியும்

மீனாட்சியம்மன் கோவில் வாசலில் கதவில்லாத நிலை ஒன்று நிற்கிறது. அம்மனைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் அதற்குள் நுழைந்துதான் போக வேண்டும். வெள்ளி அரைஞாணுக்கும் கத்துகிறது, மெட்டிக்கும் கத்துகிறது, மடியில் முடிந்த சில்லறைக்கும் கத்துகிறது. காவலுக்கு நிற்பவர்கள் ஆளை ஏற இறங்கப் பார்த்து, கைக்கருவியால் ஒரு தடவு தடவி, "போங்க போங்க" என்கிறார்கள். "இங்கே உலோகம் இருக்கிறது" என்பதோடு அந்த நிலையின் அறிவு முடிந்துவிடுகிறது. அது மெட்டியா, கத்தியா என்பதை மனிதர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

புதையல் தேடும் ஆசையில் கடைக்குப் போகிறவர் வாங்கப்போவது இதே தத்துவத்தில் வேலை செய்யும் மெட்டல் டிடெக்டர் என்ற கருவியைத்தான். நிலையைப் படுக்கவைத்து, சாப்பாட்டுத் தட்டளவுக்குச் சுருக்கி, ஒரு கம்பின் நுனியில் பொருத்தியிருக்கிறார்கள். டெக்சாஸின் கேரட் நிறுவனம் வாசலில் வைக்கும் கருவியையும் செய்கிறது, வயலில் வீசும் கருவியையும் செய்கிறது. வயல் கருவியின் அறிவும் அதே அளவுதான். மிச்சத்தை நாம்தான் கொண்டுபோக வேண்டும். மதுரை வட்டாரத்தில் அந்த மிச்சம் கொஞ்சநஞ்சமில்லை.

இந்தக் கருவியின் முதல் பெரிய சோதனையே தோல்வியில் முடிந்தது. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். குண்டு உடம்புக்குள் தங்கிவிட்டது. எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்படாத காலம். தொலைபேசி தந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், கம்பிச்சுருள்களால் ஒரு கருவி செய்து அதிபரின் மேல் நகர்த்திப் பார்த்தார். கருவி எங்கு வைத்தாலும் ஒலித்தது, காரணம் படுக்கையில் இருந்த உலோகச் சுருள்வில்கள். போதாக்குறைக்கு, குண்டு வலப்பக்கம் இருப்பதாக நம்பிய தலைமை மருத்துவர் அந்தப் பக்கம் மட்டும் தேட விட்டார். குண்டு இருந்தது இடப்பக்கம். செப்டம்பர் 19 அன்று அதிபர் இறந்தார். பெல் கருவியில் குற்றமில்லை. இல்லாத இடத்தில் தேடவைத்தார்கள், சுற்றிலும் இரும்பு இரைந்தது. இன்றும் டிடெக்டரோடு அலைகிறவர்களுடைய தொல்லை இந்த இரண்டும்தான்.

கருவிக்குள் நடப்பதை அடுப்படியிலேயே பார்த்துவிடலாம். இண்டக்ஷன் அடுப்பின் கண்ணாடிக்கு அடியில் ஒரு செப்புக் கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. அதனால் காந்தப்புலமும் அத்தனை தடவை மாறுகிறது. மாறும் காந்தப்புலம் உலோகத்தில் மின்னோட்டத்தைக் கிளப்பும் என்பது ஃபாரடே 1831இல் கண்டது. பாத்திரத்தின் அடியில் நீர்ச்சுழி போலச் சுழலும் அந்த ஓட்டத்தைச் சுழல் மின்னோட்டம் என்கிறோம். அடுப்பில் அது பாத்திரத்தைச் சூடாக்குகிறது. டிடெக்டரிலோ புலம் மிக மெலிது, எதுவும் சூடாவதில்லை. ஆனால் அந்தச் சுழியும் தனக்கென ஒரு சின்னக் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. தட்டில் உள்ள இரண்டாவது சுருள் அதைக் கேட்டுவிடுகிறது. நாம் காதில் கேட்கும் 'பீப்' அதுதான்.

ஆணியையும் அணியையும் பிரிப்பது எப்படி? வெண்கல மணியை ஒரு தட்டுத் தட்டினால் ஓசை நெடுநேரம் நிற்கும். தகர டப்பாவைத் தட்டினால் 'டப்' என்று அடங்கிவிடும். உலோகத்துக்குள் எழும் சுழலும் அப்படித்தான். தடித்த செம்பு, வெள்ளியில் நின்று சுழலும். மெல்லிய தகட்டில் உடனே சாகும். கருவி தான் அனுப்பிய அலைக்கும் திரும்பிய அலைக்கும் இடையிலான தாமதத்தை அளந்து, ஓர் எண்ணாகத் திரையில் காட்டுகிறது. இரும்பு காந்தத் தன்மையும் உள்ளது என்பதால் அதன் முத்திரை வேறு, பெரும்பாலும் அடிமட்ட எண். வெள்ளிக்கும் கனத்த செம்புக்கும் மேல்மட்ட எண்கள்.

தங்கம் எங்கே வருகிறது? நடுவில், குப்பைகளோடு. இதைத்தான் கடைக்காரர்கள் சொல்வதில்லை. சுத்தத் தங்கம் நல்ல மின்கடத்திதான், ஆனால் நம் வீட்டு நகை 22 கேரட். செம்பும் வெள்ளியும் கலந்த உடனே கடத்துதிறன் வெகுவாகக் குறைந்துவிடும். நகையும் சின்னது, மெலிது. எனவே ஒரு தோடு காட்டும் எண்ணையே மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும், குளிர்பான டின்னின் மூடி வளையமும் காட்டும். திரையில் வரும் எண் உலோகத்தின் பெயரைச் சொல்வதில்லை. உலோகம், பருமன், தடிமன், கிடக்கும் கோலம் எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகை அது. 'குப்பையை ஒதுக்கு' என்ற பொத்தானை அழுத்தினால் ஒதுங்குவதில் தங்கமும் சேர்த்தி.

ஆழத்தைப் பற்றி ஒரு கணக்கு. சுருளின் காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்குக் குறைகிறது. ஆழம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்கு. பொருளிலிருந்து திரும்பி வரும் புலமும் அதே விதிப்படி எட்டில் ஒரு பங்காகிறது. எட்டெட்டு அறுபத்துநாலு. பத்து அங்குலத்தில் கிடக்கும் காசு, ஐந்து அங்குலத்தில் கிடப்பதைவிட ஏறத்தாழ 64 மடங்கு மெலிதாகப் பேசும். ஆகவே விலையை இரண்டு மடங்காக்கினால் ஆழம் இரண்டு மடங்காகாது. ஒற்றைக் காசென்றால் ஒரு சாண் ஆழம் வரை கேட்பதே நல்ல வேட்டை. அண்டா, குண்டான் போன்ற பெரிய பொருள் என்றால் இன்னும் கீழே கேட்கும். "இருபது அடி ஆழம் காட்டும்" என்று ஒருவர் விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி மண். டிடெக்டர் வாங்குமுன் தன் ஊர் மண்ணைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண் நைஸ், சார்னோகைட் பாறைகள் சிதைந்து வந்தது. அதன் சிவப்பே இரும்பு ஆக்சைடு. அதில் மேக்னடைட் துகளும் கலந்திருக்கும். காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தெருப்புழுதியில் இழுத்த பிள்ளைகளுக்கு அந்தக் கறுப்பு மீசை தெரியும். காசு அனுப்பும் ஒலியைவிட இந்த மண் அனுப்பும் ஒலி பல மடங்கு பெரிது. அதைக் கழிக்கத்தான் 'மண் சமன்' வசதி. தட்டைத் தரைக்கு மேல் ஏற்றி இறக்கி, மண்ணின் குரலுக்குக் கருவியை ஊமையாக்கிவிட்டுத் தேட வேண்டும். தொழிற்சாலையிலேயே நிலையாக அமைத்துவிட்ட மலிவுக் கருவிகள் நம் செம்மண்ணில் ஓயாமல் முனகும்.

திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலுக்கு வேறு குணம். கோடையில் கை நுழையுமளவு வெடிக்கும். களை எடுக்கும்போது கழன்ற மோதிரம் அந்த வெடிப்பில் விழுந்தால் ஒரே நொடியில் இரண்டடி போய்விடும். மழை பெய்ததும் வாய் மூடிக்கொள்ளும். நூறு ரூபாய் கருவியும் லட்ச ரூபாய் கருவியும் அங்கே ஒன்றுதான்.

நகருக்குள்ளேயே ஒரு வேடிக்கை உண்டு. காளவாசல் என்ற பேருந்து நிறுத்தத்தை மதுரைக்காரர்கள் நாளும் கடக்கிறோம். காளவாசல் என்றால் சூளை. இரும்பு கலந்த களிமண்ணைச் சூளையில் சுட்டால், அதிலுள்ள ஆக்சைடுகள் இன்னும் காந்தத் தன்மை கூடிய வடிவத்துக்கு மாறுகின்றன. ஆறும்போது பூமியின் காந்தத் திசையையும் பதித்துக்கொள்கின்றன. அதனால் பழைய செங்கல் துண்டுக்கும் டிடெக்டர் 'கிர்' என்று பொய் சொல்லும். தேடுகிறவர் சலித்துக்கொண்டு அதைத் தூக்கி எறிவார். இதே காந்தத்தைக் காந்தமானியால் அளந்துதான், ஓரடி மண்ணையும் தோண்டாமல், பழைய சூளை எங்கே, சுவர் எங்கே என்று தொல்லியலாளர்கள் வரைபடம் போடுகிறார்கள். ஒருவருக்கு இரைச்சலாக இருப்பது இன்னொருவருக்குச் சேதி. 

எதை வாங்குவது? இங்கே நான் பட்டியல் போடப் போவதில்லை. கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், குணங்கள் மாறா. கேரட் நிறுவனத்தின் ஏஸ் 300 என்ற கருவி 8 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது. துருக்கியின் நோக்டா சிம்ப்ளெக்ஸ் 12 கிலோஹெர்ட்ஸ். அதிர்வெண் கூடினால் சின்ன நகைக்குக் காது கூர்மை. குறைந்தால் கனத்த வெள்ளி, செம்புக்கு. ஆஸ்திரேலியாவின் மினலாப் 2018இல் கொண்டுவந்த ஈக்வினாக்ஸ் ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் கேட்கும். நம் செம்மண்ணுக்கு அந்த வகை சௌகரியம், பை கனமாக இருந்தால். துடிப்பு வகைக் கருவி ஒன்றும் உண்டு. காந்த மண்ணை அலட்சியமாகத் தாண்டி ஆழம் போகும், ஆனால் இரும்பைப் பிரித்தறியும் திறன் மட்டு. ஆணி மண்டிய நம் ஊர்க் காடுகரையில் அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குழி பறிக்கலாம். கையால் மண் சமன் செய்யும் வசதி, மாற்றிப் போடச் சின்னத் தட்டு, காதில் மாட்ட ஹெட்போன் இந்த மூன்றும் இருந்தால் போதும் என்பது என் தீர்ப்பு. தட்டு பெரிதானால் ஆழம் கொஞ்சம் கூடும். குப்பை மிகுந்த இடத்தில் ஒரே வீச்சில் ஏழெட்டு ஆணி சேர்ந்து கத்தி, நடுவில் கிடக்கும் தோட்டின் குரல் அமுங்கிவிடும்.

வாங்கக் கூடாததைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைப்பிடியில் ஒரு ஆன்டெனா ஆடும்; அரை மைல் தூரத்துத் தங்கத்தைத் திசை காட்டும் என்பார்கள். இந்த வகைக்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஏடிஇ 651. கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானைப் பார்த்துச் செய்த வெற்றுப் பெட்டி அது. வெடிகுண்டு காட்டும் என்று ஈராக்குக்கு விற்றார்கள். சோதனைச்சாவடிகளில் அதை நம்பி நின்றவர்களின் கதி என்னவாகியிருக்கும்? விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013இல் பிரிட்டன் நீதிமன்றம் பத்தாண்டு சிறை விதித்தது. நம் பக்கத்தில் அரிசியை இழுக்கும் கலசம், இரிடியம் என்று ஏமாறுகிறவர்கள் இருக்கும்வரை அந்த ஆன்டெனாவுக்கும் கிராக்கி இருக்கும். மெய்யான எந்த டிடெக்டரும் தன் தட்டுக்கு நேர் கீழே உள்ளதைத்தான் கேட்கும்.

கருவி வந்ததும் வயலுக்கு ஓடாதீர்கள். வீட்டுக் கொல்லையில் ஒரு பாத்தி ஒதுக்கி, வீட்டில் அனுமதி வாங்கி ஒரு மோதிரம், செல்லாத 25 பைசா, ஆணி, லாடம், மாத்திரை அட்டை என்று வெவ்வேறு ஆழத்தில் புதைத்து, எந்த இடத்தில் எது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் அதன்மேலேயே வீசிக் காதைப் பழக்க வேண்டும். தட்டு தரையோடு சமமாக, ஒட்டினாற்போல, மெதுவாகப் போக வேண்டும். அறுவாள் வீசுவதுபோல ஓரங்களில் மேலே தூக்கக் கூடாது. ஒலி வந்த இடத்தில் தொண்ணூறு பாகை திரும்பி நின்று மறுபடி வீசுங்கள். காசும் வளையமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பேசும். நீண்ட ஆணி ஒரு பக்கம் பேசி மறுபக்கம் மழுப்பும்.

அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கடலைக் காட்டில் ஒருமுறை எனக்கு நல்ல பாடம் கிடைத்தது. செடி பிடுங்க வந்த ஒரு பெரியம்மாவின் தோடு காணாமல் போயிருந்தது. கருவியோடு போய் நின்றேன்.

"தம்பி, இந்த மிசினு தங்கத்த மட்டும் காட்டுமா?"

"இல்ல பெரியம்மா, எல்லாத்தையும் காட்டும்."

"அப்ப ஆணியத்தான் காட்டும்."

ஒரு வரியில் சிக்னல் அறிவியல் முழுவதையும் சொல்லிவிட்டார். கலப்பையின் தேய்ந்த கொழு முனை, பம்ப் செட்டுக் கம்பி, பூச்சிமருந்துப் பாட்டிலின் மூடி, பான்பராக் உறை என்று முப்பது குழிக்கு மேல் தோண்டினேன். சலித்துப்போய்க் குப்பை ஒதுக்கும் பொத்தானை அழுத்தினேன்; அதோடு தோடும் ஒதுங்கிவிடும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அதை நீக்கிவிட்டு, அவர் காலையில் உட்கார்ந்து செடி ஆய்ந்த இடத்தை மட்டும் கேட்டு அங்கே வீசினேன். ஐந்தாவது குழியில், விரல் ஆழத்தில் தோடு. திருகாணி கிடைக்கவேயில்லை, அவ்வளவு சின்னதை என் கருவி கேட்கவில்லை. கருவியைவிட அவர் எங்கே உட்கார்ந்தார் என்ற தகவல்தான் அன்று தேடிக் கொடுத்தது.

நேற்றுத் தொலைத்ததைத் தேட இந்தக் கருவியைப்போல ஒன்று கிடையாது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் தொலைந்ததைத் தேட இதைப்போல மோசமானதும் கிடையாது. வைகையின் கரையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டரில் கீழடி. 2014–15இல் அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழத் தொடங்கியது. 2017–18 முதல் தமிழகத் தொல்லியல் துறை தொடர்ந்தது. அந்த இடத்தின் வயதை கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனது கரித்துண்டு. அங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் வாழ்ந்ததைச் சொன்னது ஆதன், குவிரன் என்று பெயர் கீறிய பானை ஓடு. நகர வாழ்க்கையைச் சொன்னவை செங்கல் கட்டுமானம், உறைகிணறு, பாசிமணி, தந்தத்தில் செய்த பகடை. இவற்றில் எதுவும் மின்சாரம் கடத்தாது. உலகின் மிக விலையுயர்ந்த டிடெக்டரோடு ஒருவர் அகழாய்வு நடந்த பள்ளிச்சந்தைத் திடல் முழுக்க நடந்திருந்தால், கீழடியில் எழுத்து இருந்தது என்பதை அவர் அறிந்திருக்கவே முடியாது. நாலைந்து உலோகத் துண்டுகளைப் பிடுங்கிக்கொண்டு, அவை எந்த அடுக்கில் கிடந்தன என்பதைக் கலைத்துவிட்டுப் போயிருப்பார்.

அடுக்கு கலைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாண்டியர் காசுகளே சாட்சி. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் கோடுகளால் ஆன மீன். சின்னச் சதுரச் செப்புக் காசுகள். தமிழ் பிராமியில் 'பெருவழுதி' என்று பொறித்த அரிய காசைக் கண்டறிந்து 1980களில் உலகுக்குச் சொன்னவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. சங்க இலக்கியத்தின் வழுதிகள் காசு அடித்தார்கள் என்பதற்கு அது நேரடிச் சான்று. ஆனால் அகழாய்வுக் குழியில் கிடைத்த காசு இல்லை என்பதால், அதன் காலத்தை எழுத்தின் வடிவத்தை வைத்தே கணிக்க வேண்டியிருந்தது. அதே காசு ஒரு பானையோட்டுக்கும் ஒரு கரித்துண்டுக்கும் நடுவே இருந்து எடுக்கப்பட்டிருந்தால் எத்தனை வாதம் மிச்சமாகியிருக்கும்!

   

சட்டமும் இந்த நியாயத்தை ஒட்டியே இருக்கிறது. சமணர்மலை, யானைமலை, மாங்குளம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றி மண்ணைக் கிளறக் கூடாது. வைகைப் படுகையும், கோவில் நிலமும், புறம்போக்கும் உங்களுடையவை இல்லை. சொந்த நிலத்தில் கிடைத்தாலும் 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் பொருந்தும். பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தால், என்ன, எவ்வளவு, எங்கே, எந்த நாளில் என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கலெக்டரிடம் அதற்குப் பிணை தர வேண்டும். 145 ஆண்டு கடந்தும் அந்தப் பத்து ரூபாய் பத்து ரூபாயாகவே நிற்கிறது. உரிமையாளர் என்று யாரும் வராமல், நிலத்துக்காரரோடு வேறு ஒப்பந்தமும் இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். அரசே எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளில் பல இந்தச் சட்டத்தின் வழியே வந்தவைதான். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியவர்களும் உழவர்களும் கண்டு சொன்னவை.

ஆகவே கருவி எதையாவது காட்டி, அது பச்சைக் களிம்பேறிய காசாகவோ சிலையின் விரலாகவோ தெரிந்தால், கையை எடுத்துவிடுங்கள். தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள், மேலும் தோண்டாதீர்கள். இருந்தபடியே படம் எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள், தாசில்தாருக்குச் சேதி போகட்டும்.

அப்படிக் கையை எடுத்த ஒருவர் உண்டு. 1992 நவம்பர் 16 அன்று இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸ்ன் என்ற கிராமத்தில் ஒரு விவசாயியின் சுத்தியல் வயலில் தொலைந்துபோயிருந்தது. ஓய்வுபெற்ற தோட்டக்காரரான அவருடைய நண்பர் டிடெக்டரோடு தேடப் போனார். கேட்டது வேறொரு குரல். கொஞ்சம் எடுத்துப் பார்த்தவர், ரோமானியக் காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டு தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து, பதினைந்தாயிரத்தை ஒட்டிய காசுகளையும் நகைகளையும், அவற்றை அடுக்கி வைத்திருந்த மரப்பெட்டி மட்கிப்போன தடயத்தோடு எடுத்தார்கள். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.